பழவேற்காட்டில் நான் கண்ட நிலா

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவம் ஒன்றை எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். "ஊக்கம் தருவதாக இருந்தால் நல்லது மேடம்" என்றும் சொல்லி வைத்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ரேடியோ வானியலில் ஆன்டெனாவும் ரிசீவரும் கட்டிக்கொண்டிருந்தவள் நான். ஊக்கம் தரக்கூடிய அனுபவங்கள் எனக்கு இரண்டோ மூன்றோதான் வாய்த்தன. அவற்றையெல்லாம் மற்றவர்கள் ஏற்கெனவே தங்கள் அனுபவமாகச் சொல்லிவிட்டார்கள். என் கையில் மிச்சம் இருப்பது அவமானங்கள்தான். அதில் தரமான ஒன்றை எடுத்துத் தருகிறேன்.

இது நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் நடந்தது. பிரபஞ்சத்தில் முதல் நட்சத்திரங்கள் எரியத் தொடங்கிய காலத்தின் தடயம் ஒன்று இன்றைக்கும் வானத்து ரேடியோ இரைச்சலில் ஒரு மெல்லிய பள்ளமாக ஒளிந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டுக் குழு ஒன்று அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டதாகச் சொன்னது. அவர்கள் பார்த்தது வானத்தையா, அல்லது தங்கள் ஆன்டெனாவுக்கு அடியில் கிடந்த தரையையா என்று துறை முழுக்கச் சண்டை நடந்துகொண்டிருந்தது. தரையில் கல் இருக்கும், ஈரம் இருக்கும், அதனால் அளவு குழம்பும். தண்ணீர் ஒரே சீராக இருக்கும். அதனால் ஆன்டெனாவை மிதவையில் ஏற்றி, ஆள் நடமாட்டமில்லாத ஒரு மலை ஏரியில் விடுவது எங்கள் திட்டம். அதற்கு முன்னால் உப்புத் தண்ணீரில் பத்து நாள் சோதித்துக் காட்டச் சொன்னார்கள். பழவேற்காடு ஏரிக்கு அப்படித்தான் போனோம்.

சோதனையில் நாங்கள் தேடிப் போனது எதுவுமே இல்லாத ஒரு நேர்க்கோட்டை. எஃப்.எம். நிலையங்களின் அலைவரிசைகளை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சம் இருக்கும் இடத்தில் எங்கள் ரிசீவர் தானாக ஒரு மேட்டையோ பள்ளத்தையோ உண்டாக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும். மூன்று முழு நாள் அந்தக் கோடு ஆடாமல் இருந்தால் போதும். அதன் மேல் தொங்கிக்கொண்டிருந்தது அனிர்பனின் வேலை. வங்காளத்திலிருந்து மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்த ஆராய்ச்சியாளன் அவன். ரிசீவரின் பாதி அவன் கைவேலை. கோடு நேராக வந்தால் ஒப்பந்தம் நீளும். வராவிட்டால் மதிப்பீட்டுக் குழு திட்டத்தையே மூடிவிடும். அவன் ஊருக்குப் போய் மாமனாரின் மின்விசிறிக் கடையில் உட்கார வேண்டும். மாமனார் அவனுக்காக ஒரு நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டாராம். அந்த நாற்காலியின் புகைப்படத்தை அவனே என்னிடம் காட்டினான்.

எங்கள் குழுவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தக் கர்வம் எனக்கு நிறைய இருந்தது. "ஊர்க்காரர்களிடம் பேசுவதை என்னிடம் விட்டுவிடுங்கள்" என்று எங்கள் திட்டத் தலைவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஊர்த் தலைவர் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் ஏரியில் ஓர் இடத்தைத் தேர்ந்து வைத்திருந்தேன். போதுமான ஆழம், சுற்றிலும் திறந்த வெளி, கரையிலிருந்து கண்பார்வையில் இருக்கும். அதைக் காட்டி, "அங்க எங்க மிதவையக் கட்டிக்கலாமுங்களா?" என்று கேட்டேன்.

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது எங்க பாடும்மா" என்றார்.

நான் கோயம்புத்தூர்க்காரி. எங்கள் பக்கம் ஒருவர் 'அது எங்க பாடு' என்றால், அந்தக் கவலையை விடு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பொருள். கல்யாண வீட்டில் பந்தி ஏற்பாட்டைப் பற்றிக் கேட்டால் அப்படித்தான் பதில் வரும். எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்களின் பாரத்தை இவர் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறாரே என்று நினைத்தேன்.

"ரொம்பப் பெரிய மனசுங்க" என்று கைகூப்பினேன்.

அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். "நாளன்னிக்கி அமாவாச" என்றார், குரலைக் கொஞ்சம் அழுத்தி.

"நல்ல நாளுங்க" என்றேன்.

மிதவையை இழுத்துப்போக வாடகைக்குப் பேசிய படகு செல்வத்துடையது. முப்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசாத மனிதர். இடத்தைக் காட்டியதும் அவர்கூடத் தயங்கினார். "யம்மா, அது பாடு எடம்மா."

"தெரியுங்க. தலைவரே அது எங்க பாடுன்னு சொல்லிட்டார்."

"தலைவரே சொல்ட்டாரா? அப்ப சரி" என்று கயிற்றைக் கட்டினார். ஆக, இரண்டு பேர் என்னைத் தடுத்தார்கள், ஒருவருக்கு நான் நன்றி சொன்னேன், இன்னொருவருக்கு விளக்கம் சொன்னேன்.

மறுநாள் காலை கரைக்குப் போனபோது எங்கள் மிதவையைச் சுற்றி ஆறு படகுகள் நின்றன. எங்கள் ஆன்டெனா ஓர் உலோகக் கூம்பு. நான்கு தெர்மகோல் பாளங்களின் மேல் உட்கார்ந்திருந்தது. படகுகளில் இருந்தவர்கள் கையில் வலை கட்ட ஊன்றும் கம்புகளோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரும்மா இது, எங்க பாட்டுல வந்து சட்டியக் கவுத்து வச்சிக்கிறது?" என்று ஒருவர் கத்தினார்.

பாட்டில் என்றால் எனக்கு முதலில் சங்கீதம்தான் நினைவுக்கு வந்தது. என் பையில் முத்திரை குத்திய அனுமதிக் கடிதம் இருந்தது. அதை எடுத்து நீட்டினேன். அவர் பொறுமையாகப் படித்தார். "இதுல ஏரினு போட்டுக்கீது. ஏரி ஆந்திராவரிக்கும் கீது. எங்க பாட்டுலனு எங்க போட்டுக்கீது, காமி."

அதற்குள் ஊர்த் தலைவர் வந்துவிட்டார். நான் அவருடைய பெரிய மனதைக் கூட்டத்துக்கு நினைவூட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு எனக்குப் பாடு என்றால் என்ன என்று விளக்கினார். முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் போய் விழுந்தால் யாருக்கும் கிடைக்காது. அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, எந்த இடத்தில் எந்த நாள் எந்தக் கூட்டம் வலை கட்டலாம் என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த இடத்துக்கும் பாடு என்றுதான் பெயர், அந்த முறைக்கும் அதே பெயர்தான். அமாவாசையை ஒட்டி நீர் வேகமாக வற்றும் நாட்களில் வரும் முறைக்கு மவுசு அதிகம். ஒருமுறை தவறினால் மறுபடி வர வாரக்கணக்கில் ஆகும். "நாங்க கையெழுத்து இல்லாம வச்சிக்கிறதும்மா இது. எங்க அப்பன் நாள்லயும் அதான், அவுங்க அப்பன் நாள்லயும் அதான்" என்றார்.

இது நம்முடைய தொலைநோக்கி நேரம்தான். விண்ணப்பம் போட்டு, ஆறு மாதம் காத்திருந்து, மூன்று இரவு கிடைத்து, கருவிக்கு முன்னால் போய் நின்றால் அங்கே யாரோ ஒருத்தி சட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். கையில் கடிதம் வேறு. நானாக இருந்தால் கத்தியிருக்க மாட்டேன், சட்டியை எட்டி உதைத்திருப்பேன். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "இப்பவே எடுத்துடறோம்" என்றேன்.

அனிர்பனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் செல்வம் மறுபடி கயிற்றைக் கையில் எடுத்ததும் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அன்றையோடு இரண்டு நாள் வீண். புது இடத்தில் நிறுத்திச் சரிபார்க்க இன்னொரு நாள். "இந்த ஒரு நாள் மட்டும் அவர்களைக் கேட்டுப் பார்க்கக் கூடாதா?" என்றான். முடியாது என்றேன். அவன் நாள் போலத்தான் அவர்களுடையதும். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேபிள்களைச் சுருட்டத் தொடங்கினான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, என்மேல்தான் வந்தது. தெரியாத சொல்லாக இருந்திருந்தால் அர்த்தம் கேட்டிருப்பேன். தெரிந்த சொல்லாகப் போய்விட்டது.

ஊர்த் தலைவரே வேறு இடம் காட்டினார். தண்ணீருக்கடியில் சிப்பி மண்டிக் கிடந்த ஒரு மேடு. வலை கிழியும் என்று அங்கே யாரும் வருவதில்லை. பக்கத்தில் படகுகள் போகும் வழி ஒன்று இருந்தது. அவ்வளவுதான்.

நான்காம் நாள் கோடு நேராக வந்தது, இருபது நிமிடத்தைத் தவிர. காலை ஏழு நாற்பதுக்கு ஒரு மேடு எழும்பி எட்டு மணிக்கு அடங்கியது. மாலையிலும் அப்படி ஒன்று. ஐந்தாம் நாளும் வந்தது. அனிர்பன் சாப்பிடவில்லை. ரிசீவரின் குறை என்றால் பிரித்து மாட்ட நேரம் கிடையாது. ஆறாம் நாளும் வந்தபோது நேரங்களை ஒரு பெரிய தாளில் எழுதி, நாங்கள் தங்கியிருந்த வீட்டின் வாசல் சுவரில் ஒட்டினான். ஏழு நாற்பது. எட்டு முப்பது. ஒன்பது இருபது.

நான் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் தள்ளிப் போகிறது. ரிசீவர் சூடாகிக் கெட்டால் தினமும் ஒரே நேரத்தில் கெடும். தினமும் ஐம்பது நிமிடம் தாமதமாக வருவது வானத்தில் ஒன்றே ஒன்றுதான். பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். காலை மேடு நிலா உதிக்கும் நேரத்தில் வருகிறது, மாலை மேடு மறையும் நேரத்தில். தூரத்து ஒலிபரப்புகள் அடிவானத்து நிலாவில் பட்டு, ஏரி நீரைத் தழுவி எங்களிடம் வருகின்றன என்று நின்ற இடத்திலேயே ஒரு கோட்பாடு கட்டினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதற்கு ஒரு பெயரும் வைத்தேன். பெயரை மட்டும் இங்கே எழுத மாட்டேன்.

அனிர்பன் என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. குற்றம் ரிசீவரில் இல்லை என்று ஆகிவிட்டதல்லவா. அந்த மகிழ்ச்சியில் அன்று மாலையே எங்கள் திட்டத் தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "கருவி குற்றமற்றது. சமிக்ஞை நிலவிலிருந்து வருகிறது" என்று எழுதினேன். எங்கள் தலைவர் பேச்சில் மகா சிக்கனம். பதில் ஒரே வரியில் வந்தது. "நாளை வருகிறேன். அதுவரை வேறு யாருக்கும் எழுதாதே."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மீன்காரத் தனலட்சுமி வந்தாள். செல்வத்தின் மனைவி. தினமும் எங்கள் வீட்டு வாசலில் கூடையை இறக்கி, என் சமையலைப் பற்றி இரண்டு வார்த்தை இழிவாகச் சொல்லிவிட்டுப் போவாள். அன்று கூடையை இறக்கினவள் சுவரைப் பார்த்தாள். தாளில் விரலை வைத்து ஒவ்வொரு நேரமாகப் படித்தாள். முகம் மாறிவிட்டது.

"யம்மா, இன்னாத்துக்கு எங்க வூட்டுக்காரரு வர்ற நேரத்தயெல்லாம் எழுதி ஒட்டி வச்சிக்கிறீங்க?"

"என்னது?"

"இன்னா இன்னாது? செவ்வாக்கெழம ஏழு நாப்பது, புதங்கெழம எட்டர, நேத்து ஒம்பதே காலுக்கு மேல. சாயங்காலம் வர்றதுகூடப் போட்டுக்கீதே! போலீசா நீங்க? அவரு இன்னா பண்ணாரு?"

"தனலட்சுமி, அது நிலா உதிக்கிற நேரம்."

"நெலாவ எவ பாத்தா? தண்ணி வத்தனா வலைய எடுப்பாங்க. எடுத்த எறால இவரு போயி ஏலத்துக்கு ஏத்திக்கினு வருவாரு. தண்ணி ஒரு நாளைக்கி ரெண்டு தபா வத்துது, இவரு ரெண்டு தபா வராரு. தெனிக்கும் கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப் போவும். இன்னிக்கி பத்து பத்துக்கு வருவாரு, வேணும்னா கரைல வந்து குந்திக்கினு பாரு."

அந்தத் தாளின் கடைசி வரியை அனிர்பன் பென்சிலால் எழுதியிருந்தான். அன்றைய நிலாவுக்கு நாங்கள் கணக்குப் போட்டு வைத்திருந்த நேரம், பத்து பத்து.

நிலாதான் ஏரியில் நீரை ஏற்றி இறக்குகிறது, நீர்தான் செல்வத்தை வரவழைக்கிறது. வானியல் படித்த எனக்கு இதில் முதல் பாதிதான் தெரிந்திருந்தது.

ஓடினோம். அறுபதை நெருங்கும் வயதில் சிப்பி ஓட்டின் மேல் நான் ஓடியதைக் கரையே நின்று பார்த்தது. சரியாகப் பத்து பத்துக்குச் செல்வத்தின் படகு எங்கள் மிதவையைக் கடந்து வந்தது. அனிர்பன் கையடக்க ரிசீவரைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். படகு நெருங்க நெருங்க அது அலறியது. படகின் பின்பக்கம் ஒரு பேட்டரி, அதிலிருந்து ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, அதிலிருந்து செல்வத்தின் போனுக்கு ஒரு வயர். சென்னையில் பிளாட்பாரத்தில் வாங்கிய சார்ஜர். வயரைப் பிடுங்கச் சொன்னேன். அலறல் நின்றது. மாட்டச் சொன்னேன். மறுபடி அலறியது.

"நெலா இதுக்குள்ளயா கீது?" என்று செல்வம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எங்கள் தலைவர் வரும் வழியில் மீஞ்சூரில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு மதியம்தான் வந்து சேர்ந்தார். அந்த இரண்டு மணி நேரத்தில் எனக்கு வந்த யோசனைகளை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. பெட்டியைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டு, "இன்று வரவில்லை சார், அபூர்வ நிகழ்வு போலிருக்கிறது" என்று சொல்லிவிடலாம். அனிர்பன் கணக்கில் ஒரு பிழை என்று அவன் தலையில் கட்டிவிடலாம். ஓய்வு பெறப்போகிறவளின் கடைசி மின்னஞ்சல் சிரிப்பாய்ச் சிரிக்கக் கூடாது என்று மனது கெஞ்சியது. ஆனால் அவன் தலையில் விழும் ஒவ்வொரு பழியும் அவனை அந்த நாற்காலியை நோக்கித் தள்ளும். தலைவர் காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தவுடனேயே, "சார், அது நிலா இல்லை. ஒரு சார்ஜர். தப்பு முழுக்க என்னுடையது" என்றேன்.

அவர் அடுத்த காலையும் நிதானமாக வெளியே வைத்தார். உள்ளே வந்து எங்கள் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"உதிக்கும்போது வருகிறது. மறையும்போது வருகிறது. நடுவில், உச்சிக்கு வந்ததும் நிலா சாப்பிடப் போய்விடும் என்று நினைத்தாயா?"

"நிலா போகாது சார். செல்வம் போவார்."

அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். உச்சியில் ஏன் வரவில்லை என்ற கேள்வி எனக்கும் வந்தது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேண்டிய பதில் கையில் இருந்ததால் அந்தக் கேள்வியை நான் உள்ளே விடவில்லை.

மிச்சம் மூன்று நாள். தேவையும் சரியாக மூன்று நாள். ஆனால் போன் இல்லாமல் செல்வத்துக்குத் தொழில் நடக்காது. எவ்வளவு இறால் வருகிறது என்று படகிலிருந்தே கரைக்குச் சொன்னால்தான் வாங்குகிறவர்கள் வந்து நிற்பார்கள். "மூணு நாளு போனு இல்லாம ஓட்டிக்கிறேம்மா, பரவால்ல" என்றார், தலையைச் சொறிந்துகொண்டு. ஏற்கெனவே அவர்கள் பாட்டில் சட்டியைக் கவிழ்த்தவள் நான். அவருடைய பிழைப்பிலும் கை வைக்க மனசு வரவில்லை. என் பவர் பேங்க்கை எடுத்து, ரிசீவருக்குப் பக்கத்தில் வைத்துச் சோதித்தேன். சத்தமே இல்லை. அதை அவர் கையில் கொடுத்தேன். இரவெல்லாம் வீட்டில் சார்ஜ் போட்டு, பகலில் படகில் அதை மாட்டிக்கொண்டார். கறுப்புப் பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். இப்போது நம் ஆய்வகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் 'நிலா' என்ற சீட்டோடு இருக்கிறதே, யாரும் விளக்கம் சொல்லாமல் சிரிக்கிறார்களே, அதுதான்.

அடுத்த மாதம் மதிப்பீட்டுக் குழுவின் முன்னால் அனிர்பன் அந்த மூன்று நாள் கோட்டைக் காட்டினான். பழவேற்காட்டில் அவன் கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டிருந்தான், அது அந்த ஊர்த் தமிழ். குழுவில் இருந்த தமிழ்நாட்டுப் பேராசிரியர் தமிழில் ஏதோ கேட்க, மரியாதையாக "இன்னா சார்?" என்றான். ஆனாலும் திட்டம் நிலைத்தது. அவன் ஒப்பந்தமும் நீண்டது. அவனை இன்றைக்கும் நீங்கள் மூன்றாம் மாடியில் பார்க்கலாம்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்தக் குழுவின் பாராட்டு அல்ல. பத்தாம் நாள் மாலை, மிதவையைக் கரைக்கு இழுத்துவிட்டோம். அனிர்பன் ஈர மணலில் மடிக்கணினியைத் திறந்து கடைசி நாள் தரவைப் போட்டுப் பார்த்தான். கோடு அசையவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கரையில் குதித்தான். தனலட்சுமி கூடையோடு வந்து நின்றாள்.

"இன்னாம்மா மாட்டுச்சி?"

"ஒண்ணுமே இல்ல தனலட்சுமி! பத்து நாள் போட்டு வச்சும், சுத்தமா ஒண்ணுமே மாட்டல!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். குதித்துக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள்.

"எங்க வூட்டுக்காரரும் வாரத்துல மூணு நாளு இதயேதான் வந்து சொல்றாரு" என்றாள். "ஒரு நாளாவது இப்பிடிச் சிரிச்சிக்கினு சொல்லுய்யானு இன்னிக்கிப் போயி கேக்கறேன்."